மேசையின் இடது ஓரம்

1

என் அண்ணன் ராசுவின் பள்ளிக்கூட வேன் நின்று இந்த வைகாசியோடு ஒரு வருடம் ஆகிறது. நாமக்கல் பக்கம் எங்கள் ஊர் புதுச்சத்திரத்தில் அதைப் பற்றி இரண்டு விதமாகப் பேசிக்கொள்கிறார்களாம், அண்ணி சொன்னார். சீமையில் உட்கார்ந்துகொண்டு தங்கச்சிக்காரி ஒரு போனைப் போட்டு அண்ணன் பிழைப்பைக் கெடுத்துவிட்டாள் என்பது ஒன்று. பொம்மை வைத்து விளையாடியே அந்த ஆளுக்கு மூளை கலங்கிப்போச்சு என்பது இன்னொன்று. போன் செய்தது உண்மை. பொம்மைகளும் உண்மை. மற்றதெல்லாம் வேறு. எழுது என்று சொன்னதும் அண்ணன்தான். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் இருப்பது ஸ்காட்லாந்தில் டண்டீ என்கிற ஊர். முதலில் மஸ்கட்டில் இருந்தோம். வீட்டுக்காரருக்கு இங்கே வேலை மாறியதும் மகன் கவினையும் கூட்டிக்கொண்டு வந்துசேர்ந்தோம். எனக்கு ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டி சுடும் பிரிவில் வேலை.

வந்த புதிதில் கவினுக்குப் பேச ஆளில்லை. நூலகத்தின் பின்னறையில் புதன்கிழமை சாயங்காலம் ஒரு கூட்டம் கூடும். பெரிய மேசையில் அட்டைக் குன்றும் பஞ்சுக் காடும் அமைத்து, கட்டைவிரல் உயரப் படைவீரர்களை நிறுத்தி விளையாடுவார்கள். எவ்வளவு தூரம் நகரலாம் என்பதற்கு அளவுநாடா, சண்டைக்குத் தாயக்கட்டை. வீரர்கள் கடையில் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்காகத்தான் வருவார்கள். வாங்குகிறவர்தான் வண்ணம் தீட்டிக்கொள்ள வேண்டும். கவின் அதில் விழுந்துகிடந்தான். இரண்டு படைகள் சேர்த்தான். பிறகு நண்பர்கள் கிடைத்தார்கள், தாடி முளைத்தது. ஒருநாள் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுக் குப்பைத்தொட்டி பக்கத்தில் வைத்துவிட்டு, "நான் என்ன சின்னப் பையனா?" என்றான். அதையும் இங்கிலீஷில்தான் சொன்னான்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். பாதிப் பேருக்கு முகமே இல்லை. சாம்பல் உருண்டையாக நின்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு வில்லாளியை எடுத்து, கோலிக்குண்டைவிடச் சிறிய அந்த முகத்துக்குத் தோல் நிறம் வைத்தேன். தண்ணீராகக் கரைத்த பழுப்பு நிறத்தை மேலே விட்டால், அது கண்குழியிலும் வாயோரத்திலும் தானே ஓடித் தங்குகிறது. காய்ந்ததும் அவன் என்னைப் பார்த்தான். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. மகன் விட்ட புதன்கிழமைக் கூட்டத்துக்கு அம்மா போக ஆரம்பித்தேன்.

2

அண்ணன் ரிக் வண்டி ஓட்டியவர். போர்வெல் போடப் போகும் வண்டியோடு சட்டிஸ்கர், ஒடிசா என்று பாதி வருடம் வெளியே கிடப்பார். முதுகு ஒத்துழைக்காமல் போனதும், சொந்தமாக ஒரு வேன் வாங்கிப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போனார். சுற்றுவட்டத்துத் தோட்டங்களிலிருந்து வரும் சின்னப் பிள்ளைகள். எல்லோரையும் "சாமி" என்றுதான் கூப்பிடுவார். காலையில் தூங்கிவழியும் பிள்ளையைத் தூக்கித் தானே உட்காரவைப்பார்.

பொம்மைக்கு வண்ணம் பூசுகிறேன் என்று நான் சொன்னபோது சிரித்தார். "பேரப்பிள்ளை எடுக்கற வயசுல இதென்ன அம்மிணி வெளையாட்டு?" என்றார். அடுத்த வாரம் போனில் அவரே கேட்டார். "அந்தக் குதிரைக்காரனுக்குச் சேணம் என்ன கலரு வெச்ச?"

ஊருக்குப் போன உறவுக்காரர் ஒருவரிடம் கவினின் இரண்டு படைகளையும் கொடுத்தனுப்பினேன். அண்ணனுக்கு அது கை வந்துவிட்டது. ஆற்று மணலை டீ வடிகட்டியில் சலித்து வீரர்களின் காலடியில் ஒட்டினார். குதிரைச் சேணத்துக்கு லாரி முகப்பில் அடிக்கிற மஞ்சளும் பச்சையும் வைத்தார். டண்டீயில் யாரும் அப்படி ஒரு குதிரையைப் பார்த்திருக்க மாட்டார்கள். பழைய கதவுப் பலகை ஒன்றை ஆடுகளமாக்கி, போனை மேலேயிருந்து கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காலை, அவருக்கு மத்தியானம். நான் இங்கிருந்து சொல்லச் சொல்ல, என் வீரர்களையும் அவரே நகர்த்துவார்.

நன்றாக விளையாடுவார். வண்டி ஓட்டும் மாதிரியே விளையாடுவார். எந்தப் பக்கத்தையும் காவலில்லாமல் விடவே மாட்டார். "ரெண்டு கண்ணாடியும் பாக்காதவன் ஸ்டியரிங் புடிக்கக்கூடாது" என்பார். ஒரு வருடம் போல எனக்குத் தோல்விதான்.

3

போன வருடம் பங்குனி. பரீட்சை நடந்துகொண்டிருந்த சமயம்.

"அண்ணா, காட்டோரமா நிக்கற என்னோட வில்லாளிங்கள முன்னாடி நகத்துங்க."

அவர் கை பலகையின் நடுவில் தடவியது. "எந்த வில்லாளி?"

"மூணு பேரு நிக்கறாங்கல்ல."

"இங்க ஆருமில்லையே அம்மிணி. போன வாரமே செத்துட்டானுகளோ என்னமோ."

மேலேயிருந்து எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மூன்று பேரும் அவருடைய இடது முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி நின்றார்கள். "உங்க பீச்சாங்கைப் பக்கம் பாருங்கண்ணா" என்றேன். தலையை முழுக்கத் திருப்பினார். "அட! எப்ப வந்தானுக?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு நான் ஜெயிக்க ஆரம்பித்தேன். எப்போதும் ஒரே வழிதான். அவருடைய இடது ஓரமாகப் படையைக் கொண்டுபோவேன். அவர் வலதுபக்கம் கோட்டை மாதிரி அடைத்துக்கொண்டு நிற்பார், இடதுபக்கம் திறந்துகிடக்கும். எனக்கு ஆட்டம் பிடிபட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

சித்திரையில் அண்ணி மல்லிகா போனில் வேறு பேச்சுக்கு நடுவில் சொன்னார்: "வேன் கண்ணாடி மறுக்கா ஒடஞ்சுட்டுது அம்மிணி. புளியங்கொப்பு இடிச்சுட்டுதுங்கறாரு. முன்னயும் அதே பக்கத்துக் கண்ணாடிதான். தலவலி தலவலின்னு மாத்தர வேற. தட்டுல பாதிச் சோறு அப்படியே கெடக்குது. கேட்டா, எல்லாந் தின்னுட்டனே, இன்னுங் கொஞ்சம் போடுங்கறாரு."

"வெயிலுங்க அண்ணி" என்றேன். சேலம், நாமக்கல் பக்கத்துச் சித்திரை வெயிலில் யாருக்குத்தான் தலை வலிக்காது?

சில நாளில் அண்ணன் ஒரு படம் அனுப்பினார். ஒரே நிறம் பூசவேண்டிய வாள்வீரர்களை ஒரு மர ஸ்கேலில் வரிசையாக ஒட்டிவைத்துப் பூசுவது எங்கள் வழக்கம். படத்தில் பத்துப் பேர். வலதுபக்கம் ஆறு பேருக்குச் சிவப்புச் சட்டை, வெள்ளிக் கத்தி, கச்சிதமான கண் புருவம். இடதுபக்கம் நான்கு பேர் வெறும் சாம்பலாக நின்றார்கள். கீழே எழுதியிருந்தார்: "பத்துப் பேரும் முடிஞ்சாச்சு."

தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்துக் கவினுக்கு அனுப்பினேன். பல்கலைக்கழகத்தில் படிக்க வேறு ஊருக்குப் போயிருந்தான். "சோம்பேறி மாமா" என்று சிரிப்புப் பொம்மையோடு பதில் வந்தது. அதோடு, இந்த வாரம் வீட்டுக்கு வரவில்லை என்றும்.

4

மே மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை. கூட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து வண்ணம் பூசுகிற ஹெலன் என்ற அம்மாள், ஊரில் அண்ணனோடு ஆட்டம் எப்படிப் போகிறது என்று கேட்டார். இடதுபக்கத்தை விட்டுவிடுகிறார் என்று சொல்ல நினைத்து, தமிழில் யோசித்ததை அப்படியே இங்கிலீஷாக்கி, "மை பிரதர்ஸ் லெஃப்ட் இஸ் கான்" என்றேன்.

ஹெலன் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. எப்போது நடந்தது, ஊருக்குப் போகவில்லையா என்று கேட்டார். லெஃப்ட், கான் இரண்டுக்குமே 'போய்விட்டார்' என்றும் அர்த்தம் உண்டு; அண்ணன் போய்விட்டார் என்று நான் சொன்னதாக அவர் காதில் விழுந்திருக்கிறது. இல்லை, இருக்கிறார், நன்றாக இருக்கிறார் என்று பதறிக்கொண்டே போனில் அந்த ஸ்கேல் படத்தைக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு சம்பந்தமில்லாமல் கேட்டார்: "தட்டில் இருப்பதை முழுக்கச் சாப்பிடுகிறாரா?"

அண்ணி சொன்ன பாதிச் சோறு எனக்கு ஞாபகம் வந்தது.

பக்கவாதம் வந்த பிறகு ஹெலனின் அப்பா அப்படித்தான் இருந்தாராம். தட்டில் பாதி சாப்பிடுவார். முகத்தில் பாதி சவரம் செய்வார். "இருட்டாகத் தெரிந்தால் அவர் விளக்கைப் போட்டிருப்பார் கோமதி. அங்கே இருட்டு இல்லை. அந்தப் பக்கமே அவருக்கு இல்லை. இல்லை என்பதும் தெரியாது." பிறகு கேட்டார்: "உன் அண்ணனுக்கு என்ன வேலை?"

சொன்னேன். அவர் மறுபடி தூரிகையை எடுக்கவே இல்லை.

ஊரில் அப்போது கோடை விடுமுறை. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்க இருந்தது.

மறுநாள் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் வேனைக் கழுவி, சீட்டுக்குப் புது உறை போட்டுக்கொண்டிருந்தார். கண்ணில் ஏதோ கோளாறு, டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். "தூரத்துல வர்ற பஸ் போர்டு படிக்கறேன் அம்மிணி. கண்ணுல என்ன கோளாறு?" என்றார். அப்படியானால் திங்கட்கிழமை மட்டும் வேன் எடுக்காதீர்கள் என்றேன். "பள்ளிக்கூடந் தொறக்கற நாளுலயா? பிள்ளைங்க ரோட்டுல நிக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

5

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் அண்ணியிடம் விஷயத்தைச் சொல்லி, சத்தம் போடாமல் அண்ணனுக்குப் பின்னால் நிற்கச் சொன்னேன்.

"அண்ணா, ரெண்டு படையிலயும் ஆளெடுத்துப் பலகையோட இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் வரிசையா நிறுத்துங்க" என்றேன். அவர் அப்படி நிறுத்தவில்லை. அவர் வைத்த வரிசை நடுவில் தொடங்கி வலது ஓரத்தில் முடிந்தது. அண்ணிக்குச் சைகை காட்டினேன். அவர் டப்பாவிலிருந்து இன்னும் ஆறு பேரை எடுத்து இடதுபக்கம் நிறுத்தினார்.

"எண்ணுங்கண்ணா."

எண்ணினார். "எட்டு. மீதிப் பேரு டப்பாவுல இருப்பானுக."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். பலகையில் பதினான்கு பேர் நின்றார்கள். அப்புறம் நான் சொல்லாமலே அண்ணி ஒரு காரியம் செய்தார். நடந்துபோய் அண்ணனின் இடதுபக்கம், கையெட்டும் தூரத்தில், நின்றுகொண்டார்.

"அண்ணி எங்கண்ணா?" என்று கேட்டேன்.

"சமயக்கட்டுல இருப்பா. கூப்புடவா?"

அண்ணி அவர் தோளைத் தொட்டார். அண்ணன் நாற்காலியோடு துள்ளினார். இரண்டு வீரர்கள் கீழே விழுந்தார்கள். "ஏனுங்க, நான் இங்கயேதாங்க நிக்கறேன்" என்று சொல்லி அண்ணி அழுதுவிட்டார்.

அண்ணனுக்கு வந்தது பயமில்லை, கோபம். இரண்டு பேரும் சேர்ந்து நாடகம் போடுகிறீர்களா என்று கத்தினார். ரிக் வண்டியை மலை மலையாக ஏற்றி இறக்கியவனுக்கு வேன் ஓட்டச் சொல்லித் தருகிறீர்களா என்றார். "சலீம வரச் சொல்லு. இப்பவே ஓட்டிக் காட்டறேன்."

சலீம் நெடுஞ்சாலையோரம் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் அண்ணனின் வண்டியில் கிளீனராக இருந்தவர். அவர் வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். அண்ணி பின்னால் ஏறி, போனை முன்கண்ணாடிப் பக்கம் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் இல்லாத வேன். டண்டீயில் என் சமையலறையில் நின்றுகொண்டு நான் சர்வீஸ் ரோட்டைப் பார்த்தேன். ஓரத்தில் மரவள்ளிக் காடு. முட்டை ஏற்றிய லாரி ஒன்று எதிரே வந்து போனது. அண்ணன் சீராகத்தான் ஓட்டினார். கியர் மாற்றுவதுகூடத் தெரியவில்லை. நான்தான் தப்பாக நினைத்துவிட்டேனோ என்று ஒரு நிமிடம் தோன்றியது.

ஒரு வளைவு திரும்பியதும் முன்னால் ஒரு மொபெட் தெரிந்தது. புருஷன் ஓட்ட, பெண்சாதி பின்னால் தீவனப்புல் கட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரோட்டின் இடது ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். வேன் வேகம் குறையவில்லை. மெல்ல மெல்ல இடதுபக்கம் சாய்ந்துகொண்டே போனது. அந்தப் பெண்ணின் முதுகு பெரிதாகிக்கொண்டே வந்தது.

"அண்ணா..." என்றார் சலீம். பிறகு, "அண்ணா! பிரேக்கு!"

படம் நின்றுவிட்டது. நெட்வொர்க். சேலை முந்தானை காற்றில் எழும்பியபடி உறைந்திருந்தது. நடுவில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் போனைப் பார்த்து என்ன கத்தினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. மாடியிலிருந்து வீட்டுக்காரர் ஓடிவந்தார்.

முதலில் குரல்தான் வந்தது. அண்ணனின் குரல்.

"எங்கிருந்து வந்தாங்க?"

சலீமுக்கு மூச்சு வாங்கியது. "வரலீங்கண்ணா. நாம திரும்புனதுலயிருந்து முன்னாடிதான் போய்ட்டிருக்காங்க."

படம் வந்தபோது வேன் ரோட்டின் வலதுபக்க மண்ணில் ஏறி நின்றிருந்தது. சலீம் ஸ்டியரிங்கை இழுத்திருக்கிறார். அவர் கை இன்னும் அதன்மேலேயே இருந்தது. தூரத்தில் மொபெட் போய்க்கொண்டிருந்தது. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

அண்ணன் இன்ஜினை நிறுத்தி இறங்கினார். வேனைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். அண்ணி போனை அவர் பக்கம் திருப்பினார். வேனின் இடதுபக்கம் முழுக்கக் கீறல். பிள்ளைகள் ஏறும் கதவில் ஒரு பெரிய ஒடுக்கு. அண்ணன் கதவிலிருந்து பின்சக்கரம் வரைக்கும் உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார், இருட்டில் சுவரைத் தடவுவது போல.

"இதெல்லாம் எப்ப ஆச்சு?" என்றார்.



அங்கேயே, ரோட்டோரத்தில் நின்றபடியே, பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்தார். "வண்டிக்குக் கோளாறு சாமி. நாளைலிருந்து வேற வேன் பாத்துக்குங்க." எல்லோரிடமும் அதே வார்த்தைதான். என்ன கோளாறு என்று கேட்டவர்களுக்கு, "தெரியல, பாக்கோணும்" என்றார்.

6

சேலத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். தலையின் வலதுபக்கம், பின்னால், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. வலப்பக்க மூளைதான் இடப்பக்கத்தைப் பார்க்கிறதாம். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

நான் போக முடியவில்லை. நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு நாங்கள் விண்ணப்பித்திருந்த நேரம் அது. முடிவு வருவதற்குள் நாட்டைவிட்டு வெளியே போனால் விண்ணப்பத்தை நானே திரும்பப் பெற்றதாக ஆகிவிடும். அலுவலகத்துக்குப் போன் செய்தால், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. கடைசியில் பேசிய பெண், நெருங்கிய உறவினருக்கு ஆபத்து என்றால் கடிதம் அனுப்புங்கள், பரிசீலிப்போம் என்றாள். பரிசீலிக்க எவ்வளவு நாள் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றாள். அண்ணன் நெருங்கிய உறவா என்பதையும் பார்க்க வேண்டும் என்றாள்.

ஆபரேஷன் நாளில் சலீம் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து அவ்வப்போது மெசேஜ் அனுப்பினார். நான் வேலைக்குப் போய் ரொட்டி மாவை வெட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. சாயங்காலம் கவின் கூப்பிட்டான், மெசேஜ் இல்லை, கூப்பிட்டான். "மாமா எப்படி இருக்கார்மா?" என்று தமிழில் கேட்டான். அந்தப் படத்துக்குத் தான் சிரித்ததை அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அண்ணன் பிழைத்தார். இடதுபக்கம் திரும்பி வரவில்லை. முன்பு அது இல்லை என்பதே தெரியாமல் இருந்தது. இப்போது தெரியும், அதுதான் வித்தியாசம் என்றார் டாக்டர். வேனை விற்றாயிற்று. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார். தட்டைத் திருப்பிவைத்துச் சாப்பிடுகிறார்.

அனுமதி இந்த வருடம்தான் வந்தது. வந்ததும் கிளம்பிவிட்டேன். கவினுக்குப் பரீட்சை. இதை நான் எழுதுவது புதுச்சத்திரத்தில், அண்ணன் வீட்டில் உட்கார்ந்துதான். நான் வந்த வாரம் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். பழைய இடத்தின் ஓரத்தில் பொட்டு மாதிரி ஒரு வெளுப்பு. தழும்பாகவும் இருக்கலாம், மூன்று மாதம் கழித்து எடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அண்ணன் தலையாட்டினார். மூன்று மாதம் கழித்து நான் இங்கே இருக்க மாட்டேன். அடுத்த வாரமே டிக்கெட்.

நேற்றுச் சாயங்காலம் அவரும் நானும் மெயின் ரோடு வரைக்கும் நடந்தோம். காற்று சூடாக அடித்தது. சின்ன வயதுப் பழக்கத்தில் நான் அவருடைய வலதுபக்கமாகப் போய்ச் சேர்ந்துகொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் நின்றார்.

"பீச்சாங்கைப் பக்கம் வா அம்மிணி."

"அந்தப் பக்கம் வந்தா உங்களுக்கு என்னைத் தெரியாதேண்ணா."

"தெரியாது. ஆனா அங்க ஒரு ஆளு இருந்தாத்தான், அப்படி ஒரு பக்கம் இருக்குதுங்கற நெனப்பே நிக்குது. இல்லீனா அது பாட்டுக்கு மூடிக்குது."

சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். ரிக் வண்டிகளும் முட்டை லாரிகளும் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் நான் எதுவும் பேசாமல் நடந்தேன். என் செருப்புச் சத்தம்கூட அவருக்குக் கேட்டிருக்காது. அவர் முன்னால் பார்த்தபடியே, நடையை நிறுத்தாமல், கேட்டார்.

"இருக்கறயா?"

"இருக்கறேண்ணா."

பத்தடி போயிருப்போம். மறுபடியும் கேட்டார்.